வால்வுத் தொற்றுக்கு பெட் ஸ்கேன்: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

புற்றுநோய்க்கு பெட்-சிடி (கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி, அது உடலில் எங்கே குவிகிறது என்று சிடியோடு சேர்த்துப் பார்க்கும் ஸ்கேன்) எடுத்துப் பழகிய கையோடு, இதய வால்வில் வரும் தொற்றான எண்டோகார்டைடிஸுக்கும் இறங்கிவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. புதிதாக வரும் ஒவ்வொரு குழுவும் அதே பள்ளத்தில்தான் விழுகிறது. ஊசி போடும்முன் பெயரைச் சரிபார்ப்பது போன்ற பாலபாடங்களை விட்டுவிடுகிறேன்.

"வெறும் வயிறுதானே?" என்று கேட்டு முடித்துக்கொள்வது

இந்த ஸ்கேனுக்கு ஏற்றும் எஃப்டிஜி என்பது கதிரியக்க ஃப்ளோரின் ஒட்டிய சர்க்கரை. தொற்று உள்ள இடத்தில் குவியும் வெள்ளணுக்கள் அதை இழுத்துக்கொள்வதால் அந்த இடம் படத்தில் பளிச்சென்று தெரிகிறது. தொல்லை என்னவென்றால் இதயத் தசையும் அதே சர்க்கரையை இழுக்கும். தசை முழுக்க ஒளிர்ந்தால் வால்வில் தெரிவது தொற்றா தசையா என்று எவராலும் சொல்ல முடியாது. தசையைக் கொழுப்பின் பக்கம் திருப்பத்தான் குறைந்தது 2 வேளை மாவுச்சத்து இல்லாத, கொழுப்பு நிறைந்த சாப்பாடும், அப்புறம் 12 மணி நேரத்துக்குக் குறையாத பட்டினியும். புற்றுநோய்க்குப் போதுமான 4–6 மணி நேரப் பட்டினி இங்கே செல்லாது.

இதை மனப்பாடமாகச் சொல்பவர்களே கோட்டைவிடும் இடம் டிரிப். செயற்கை வால்வு வைத்த ஒருவர், காய்ச்சல் விடவில்லை, எக்கோவில் எதுவும் பிடிபடவில்லை. சாப்பாடு ஒழுங்கு, பட்டினி ஒழுங்கு, ரத்தச் சர்க்கரையும் சரி. படத்தைத் திறந்தால் இடது வென்ட்ரிக்கிள் (இதயத்தின் இடது கீழறை) முழுக்கத் தகதகக்கிறது. கேஸ் ஷீட்டைப் புரட்டினால், இரவெல்லாம் ஆன்டிபயாடிக்கை 5% டெக்ஸ்ட்ரோஸில் கலந்து ஏற்றியிருக்கிறார்கள்! 100 மில்லிக்கு 5 கிராம் சர்க்கரை, வாயை விட்டுவிட்டு ஊசி வழியாக. ஃப்ளோரின்-18இன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம்தான் என்பதால் எஃப்டிஜியை எடுத்து வைக்கவும் முடியாது; ஏற்கெனவே துவண்டு கிடப்பவர் மறுபடி பட்டினி கிடக்க வேண்டும். பெரும்பாலான ஆன்டிபயாடிக்குகளை நார்மல் சலைனிலேயே கலக்கலாம். முந்தைய நாளே வார்டு செவிலியரிடம் பேசுங்கள்: டிரிப்பில் என்ன போகிறது, சிரப் உண்டா, இன்சுலின் எப்போது போட்டார்கள்? சீட்டில் எழுதி அனுப்பினால் அது கோப்பிலேயே கிடக்கும்.

இதைவிட எரிச்சல், அப்படிப்பட்ட படத்தை வைத்துக்கொண்டு "தொற்று இல்லை" என்று எழுதுவது. இதயப் பகுதியைக் கணிக்க முடியவில்லை என்று எழுதுங்கள். உடம்பின் மற்ற பகுதிகளைப் படிக்கத் தடை ஏதுமில்லை.

நடுத்தொடையோடு நிறுத்துவது

வால்விலிருந்து பிய்ந்து போகும் துணுக்குகள் முதுகெலும்பு, மண்ணீரல், நுரையீரல், கால் தமனி என எங்கும் போய்த் தங்கும். புற்றுநோய் ஸ்கேன்போல நடுத்தொடையில் நிறுத்தினால் முழங்காலுக்குப் பின்னால் தமனி வீங்கியிருப்பது தெரியாமலே போகும். உச்சந்தலை முதல் கால்விரல் வரை எடுங்கள்.

"மூளையில் ஒன்றுமில்லை"

எழுதாதீர்கள். மூளை எப்போதும் ஒளிரும், எம்ஆர்ஐ கேளுங்கள்.

திருத்திய படத்தை மட்டும் நம்புவது

உலோக வால்வு, பேஸ்மேக்கர் இருந்தால் சிடியை வைத்துச் செய்யும் திருத்தமே (உடல் உறிஞ்சிவிடும் கதிரை ஈடுகட்டுவது) பொய் ஒளியை உண்டாக்கும். திருத்தாத படத்திலும் அது தெரிகிறதா என்று பாருங்கள்.

அறுவை சிகிச்சைத் தேதியைக் கேட்காதது

ஆறிவரும் புண்ணும் ஒளிரும். எண்டோகார்டைடிஸா என்று முடிவுசெய்ய உதவும், 2023இல் திருத்திய டியூக் விதிகள், செயற்கை வால்வு வைத்து 3 மாதம் ஆகாதவரின் பெட் ஒளியைச் சிறு அளவுகோலாகவே எடுத்துக்கொள்கின்றன. அதற்குப் பிறகுதான் பெரிய அளவுகோல்.

சொந்த வால்வு ஒளிரவில்லை என்று தொற்றை விலக்குவது

கூடாது. அங்கே பெட் நிறையத் தவறவிடும். எக்கோவையும் ரத்தக் கல்ச்சரையும் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்ற சோதனை) பாருங்கள்.