வெயிலூரில் ஒரு நிழல் கடிகாரம்

எங்கள் ஊரை வெயிலூர் என்று கேலி செய்யாத விருந்தாளியே கிடையாது. சிரித்துக்கொண்டே ஒரு சொம்பு மோர் கொடுத்து அனுப்பிவிடுவேன். வேலூர் சத்துவாச்சாரியில், மாடி வீட்டில் குடியிருந்துகொண்டு ரவிக்கை தைக்கிறவளுக்கு அந்தக் கேலி புதிதில்லை. தலைக்கு மேல் தளம், காலடியில் மிஷின், இரண்டும் கொதிக்கும். போதாக்குறைக்கு முழு ஆண்டுத் தேர்வு முடிந்த இரண்டு பிள்ளைகள். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஆறு. வெயிலுக்குப் பயந்து அவர்களை உள்ளேயே பூட்டி வைத்தால் மாலைக்குள் வீடு இரண்டாகிவிடும்.

ஆகவே வெயிலையே விளையாட்டுச் சாமானாகக் கொடுத்துவிட்டேன்.

இது தொடங்கியது வடகத்தில். பழைய வேட்டியில் கூழ் வடகம் பிழிந்து மாடியில் காயவைத்து, காக்கா காவலுக்குப் பிள்ளைகளை உட்கார வைப்பேன். தண்ணீர்த் தொட்டியின் நிழல்தான் அவர்களுக்குக் கூடாரம். நிழல் நகர நகர இவர்களும் நகர வேண்டும். "அம்மா, நிழல் எங்களைத் தள்ளிக்கொண்டே போகிறது" என்று சின்னவன் புகார் சொன்னான். துணியில் குறிபோடும் சாக்குக்கட்டியைக் கொடுத்து, மணிக்கு ஒரு கோடு போடச் சொன்னேன். பூந்தொட்டியில் ஒரு குச்சியை நட்டு அதன் நிழலிலும் கோடு போட்டார்கள். இது போன வருடம், ஏப்ரல் தொடக்கத்தில். மே மாதம் பார்த்தால் ஒரு கோடும் சரியாக இல்லை. பூந்தொட்டியை நகர்த்தியது யார் என்று இருவருக்கும் அடிதடி. யாரும் நகர்த்தவில்லை, நகர்ந்தது சூரியன் என்று விளங்கவைக்க எனக்கே ஒரு வாரம் ஆனது.

நேராக நட்ட குச்சியின் நிழல் மாதத்துக்கு மாதம் பாதை மாறும். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 13 பாகையில் (டிகிரியில்) இருக்கிறது. ஆகஸ்ட் பிற்பகுதியிலிருந்து ஏப்ரல் பிற்பகுதிவரை உச்சிவேளை நிழல் வடக்கே விழும். நடுவில் உள்ள நான்கு மாதமும் தெற்கே விழும். டிசம்பர் 21 அன்று 100 செ.மீ. குச்சிக்கு உச்சியில் 73 செ.மீ. சொச்சம் நிழல் வடக்கே, ஜூன் 21 அன்று அதே குச்சிக்கு 18 செ.மீ. சொச்சம் தெற்கே. இதற்குத் தீர்வு குச்சியை நேராக நடாமல், அதன் வடக்கு நுனி தரைமட்டத்திலிருந்து 13 பாகை மட்டும் உயர்ந்திருக்கும்படி சாய்த்து வைப்பது. அது பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு குச்சிக்குச் செங்குத்தாக ஒரு பலகை வைத்தால், அதில் நிழல் மணிக்குச் சரியாக 15 பாகை திரும்பும், எந்த மாதமானாலும்.

முதலில் வடக்கு எது என்று தெரிய வேண்டும். கைப்பேசித் திசைகாட்டியை நம்பாதீர்கள். தளத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பி அதை ஏமாற்றும். பழைய சிற்பிகள் கோயிலுக்குத் திசை பார்த்த முறை இருக்கிறது, ஒரு நாள் வேலை. ஒரு அடிக் குச்சியை நிமிர்த்தி நடுங்கள். நிமிர்ந்திருக்கிறதா என்று பார்க்க நான் நூலில் பாபினை, அதாவது மிஷினில் நூல் சுற்றும் சின்ன உருளையைக் கட்டித் தொங்கவிட்டேன், கொத்தனார் தூக்குக்குண்டு மாதிரி. காலை ஒன்பதேகாலுக்கு நிழல் ஏறக்குறைய குச்சியின் உயரத்துக்கு இருக்கும். அந்த நீளத்தை ஆரமாக வைத்துக் குச்சியைச் சுற்றி வட்டம் போட்டு, நிழல் நுனி தொடும் இடத்தில் புள்ளி வையுங்கள். நிழல் வட்டத்துக்குள் சுருங்கி, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மீண்டும் வெளியே வரும்போது வட்டத்தைத் தொடும். அங்கே இன்னொரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தாகக் கோடு போட்டால் வடக்கு தெற்கு. இரண்டாவது புள்ளிக்காகக் காத்திருப்பதுதான் பிள்ளைகளுக்குப் பிடித்த பகுதி. கொக்கு மீனுக்கு நிற்பதுபோல நின்றார்கள்.

பலகைக்குப் போன வருடத்து நாட்காட்டி அட்டை. முன்பக்கம் முருகர் இருந்தார். அவரை ஓரம் பிசிறாமல் பிரித்தெடுத்துப் பூஜை அலமாரியில் வைத்தபிறகுதான் எனக்குக் கத்தரி ஓடியது. அட்டையைப் 12 அங்குலச் சதுரமாக வெட்டி, இரண்டு பக்கமும் வெள்ளைத்தாள் ஒட்டுங்கள். மேல் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் இறக்கி நடுவில் ஒரு துளை. துளையிலிருந்து கீழ்ப்பக்கமாக அரைவட்டம். அதைக் கோணமானியால் 15 பாகை வீதம் 12 துண்டாகப் பிரியுங்கள். ஈர்க்குச்சி வெயிலில் வளைந்துவிட்டது. உடைந்த குடையின் கம்பிதான் நின்றது. கம்பி அட்டையைத் துளைத்து இரண்டு பக்கமும் மூன்று அங்குலம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். எல் ஸ்கேல் வைத்துப் பாருங்கள், எந்தப் பக்கமும் சாயக்கூடாது. கம்பியின் இரண்டு நுனியிலும் மெழுகு உருட்டி ஒட்டிவிடுங்கள், சின்னப் பிள்ளைகள் கண் மட்டத்தில் இருக்கிற சமாச்சாரம்.

இனி நிறுத்துவது. அட்டையின் அடிவிளிம்பு கிழக்கு மேற்குக் கோட்டின்மேல் இருக்கட்டும். மேல்விளிம்பைத் தெற்கே சாயுங்கள். மேல்விளிம்பிலிருந்து பாபின் நூலைத் தொங்கவிட்டால் பாபின் அடிவிளிம்புக்கு இரண்டேமுக்கால் அங்குலம் தெற்கே நிற்க வேண்டும். அதுதான் 13 பாகை. இரண்டு ஓரத்திலும் செங்கல் அணைத்துவிடுங்கள். கைப்பிடிச் சுவரின் நிழல் படாத இடமாகப் பாருங்கள்.

கோடைகாலத்தில் வடக்கு முகத்தில்தான் வெயில் விழும். தெற்கு நோக்கி நின்று பார்த்தால் வலக்கைப் பக்கம் காலை 6, நேர்கீழே 12, இடக்கைப் பக்கம் மாலை 6. அக்டோபர் முதல் பிப்ரவரிவரை பின்பக்கம் பார்க்க வேண்டும்; அங்கே நிழல் இடமிருந்து வலமாக, கடிகார முள்ளுக்கு எதிராக ஓடும். சின்னவனுக்கு இது பெரிய நகைச்சுவை. மார்ச் 21, செப்டம்பர் 22 ஒட்டிய சில நாட்கள் வெயில் அட்டையின் ஓரத்தில் வழுக்கிக்கொண்டு போய்விடும். அப்போது கடிகாரத்துக்கு விடுமுறை.

எண் எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். எங்கள் அட்டையில் 7க்கு நேரே பால் பாத்திரம். 10க்கு ஒரு காக்கா, வடகத்தைத் திருப்பிப்போடும் நேரம். 3க்கு நுங்கு. 5க்கு ஒரு செருப்பு. ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலைக்குப் போன அப்பா திரும்பி வந்து வாசலில் கழற்றிவிடும் செருப்பு. பெரியவள் வரைந்தது. அவருடைய வார் அறுந்த செருப்பு என்பதுவரை அச்சு அசலாக இருந்தது.

ஆனால் பெரியவள் உடனே குறை கண்டுபிடித்தாள். "பன்னிரண்டே காலாகப் போகிறது, நம் கடிகாரம் இப்போதுதான் பன்னிரண்டு காட்டுகிறது." தவறு கடிகாரத்தில் இல்லை. இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82.5 பாகைக்கு வைத்தது. வேலூர் 79.1 பாகைக்குச் சற்று மேல். சூரியன் அங்கிருந்து இங்கே வர 13 நிமிடம் சொச்சம் ஆகும். பூமி சூரியனைச் சுற்றும் வேகம் மாறுவதும் அச்சின் சாய்வும் சேர்ந்து இதைக் கூட்டும், குறைக்கும். ஏப்ரல் கடைசியில் உச்சி 12.12க்கு, பிப்ரவரி நடுவில் 12.28க்கு, நவம்பர் தொடக்கத்தில் 11.57க்கே வந்துவிடும். "அப்படியென்றால் பள்ளி மணிதான் பொய் சொல்கிறது" என்று முடிவுக்கு வந்தாள். நான் மறுக்கவில்லை.

செய்து முடித்தபின் ஒரு காலை வேளையில் விரிஞ்சிபுரத்துக்குக் கூட்டிப்போங்கள். வேலூரிலிருந்து பெங்களூர் சாலையில் பஸ் ஏறினால் பக்கம்தான். "திருவிரிஞ்சை மதிலழகு" என்று பழமொழியே உண்டு. அந்த மதிலுக்குள் மார்க்கபந்தீசுவரர் கோயிலில் பிறைவடிவில் ஒரு மணிகாட்டும் கல் இருக்கிறது. மேலே உள்ள பள்ளத்தில் குச்சியை வைத்தால், நிழல் விழும் எண் மணி. தாமாக ஒன்று செய்து பார்க்காத பிள்ளைகள் அதைத் தாண்டிப் பிரசாதக் கடைக்கு ஓடிவிடுவார்கள். இவர்கள் இருவரும் கல்லை விட்டு நகரவில்லை. "நம்முடையதைப் பார்த்துச் செய்திருக்கிறார்கள்" என்றான் சின்னவன்.

ஏப்ரல் 24 தனிக்கதை. அன்று 12.12 மணிக்குச் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேர்மேலே. நேராக நிற்கும் எதற்கும் பக்கவாட்டில் நிழல் கிடையாது. தளம் அடுப்பாக இருக்கும். செருப்பு, நனைத்த கோணிப்பை, மோர், பத்தே நிமிடம். அண்ணாந்து சூரியனைப் பார்க்கக்கூடாது, இது கண்டிப்பு. டம்ளர், பாபின், பேனா மூடி எல்லாவற்றையும் நிறுத்திவைத்தோம். ஒவ்வொன்றாக நிழலைத் தன் காலடியில் இழுத்துக்கொண்டது. எனக்குப் பிடித்தது வளையல். படுக்கைவாக்கில் பிடித்தால் அதற்கு நேர்கீழே தரையில் அதே அளவில் ஒரு வட்டம். கீழ்வீட்டு ஆயாகூட முழங்கால் வலியோடு படியேறி வந்து பார்த்தார். "என் நிழல் எங்கே போயிற்று?" என்று சுற்றிச்சுற்றித் தேடினான் சின்னவன். "பசித்திருக்கும், உள்ளே போயிருக்கும்" என்றார் ஆயா.

இதே வித்தை ஆகஸ்ட் 18 அன்று இன்னொரு முறை நடக்கும், 12.17க்கு. அன்று பள்ளி உண்டே என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. மறுநாள் துவைக்க எடுத்த பையைக் கவிழ்த்தால் பென்சில் டப்பாவுக்குள் என் கண்ணாடி வளையல் ஒன்று, லைனிங் துணியில் சுற்றி வைத்திருந்தது.