உலுருவுக்குக் கார் ஓட்டிப் போகிறீர்களா? முதலில் கிலோமீட்டரைக் கணக்குப் போடுங்கள்

போன ஜூலையில் சிட்னியிலிருந்து கிளம்பி, ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில், உலுரு என்ற பெரும்பாறை நிற்கும் செம்மண் பாலைநிலத்தை நாலு நாள் சுற்றிவிட்டு வந்தோம். முதல் தடவை போகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன். டிக்கெட், தங்குமிடமெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

1. மாதம்

மே முதல் செப்டம்பர் வரை. கோடையில் 40 டிகிரி சாதாரணம், வெயில் ஏறினால் சில நடைபாதைகளை மூடியும் விடுவார்கள். ஜூலையில் பகல் சுகம், ஆனால் விடியற்காலையில் பூஜ்யத்துக்கும் கீழே போகும். ஸ்வெட்டர் கட்டாயம்.

2. கார்

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இறங்கி வாடகைக் கார் எடுத்தோம். நாள் வாடகை குறைவாக இருக்கிறதே என்று அவசரமாகப் பணம் கட்டிவிட்டேன், சாவி வாங்கும்போதுதான் "ஒரு நாளைக்கு 100 கி.மீ." என்ற வரி கண்ணில் பட்டது. ஆலிஸிலிருந்து உலுருவுக்குப் பக்கத்து ஊரான யுலாரா சுமார் 450 கி.மீ., அங்கிருந்து கிங்ஸ் கேன்யன் என்ற பள்ளத்தாக்கு 300, தார்ச்சாலை வழியாக ஆலிஸ் திரும்ப 470. இடையில் யுலாராவிலிருந்து கட்டா ஜூட்டா குன்றுகளுக்குப் போய்வர 100. ஆக 1,300-ஐத் தாண்டுகிறது, வாடகையில் அடங்குவதோ 400. மீதி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் தனியாகக் கட்டினேன், கடைசியில் அதுவே வாடகையைவிட அதிகமாக வந்தது.

அதனால் பணம் கட்டும் முன்பே மூன்று கேள்வி கேளுங்கள்: கி.மீ. வரம்பு எவ்வளவு, இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டலாமா, மண்சாலையில் காப்பீடு செல்லுமா. பெரும்பாலும் இருட்டில் ஓட்டக் கூடாது என்பார்கள். கங்காருவும் மாடும் சாலைக்கு வரும் நேரம் அது, எனவே சூரியன் மறைவதற்குள் ஊர் சேருகிற மாதிரி கிளம்புங்கள். நான் சொன்ன வழி முழுக்கத் தார்ச்சாலை, சாதாரணக் காரே போதும். கிங்ஸ் கேன்யனிலிருந்து மெரீனி வழியாகக் குறுக்கே திரும்புவது மண்சாலை, வாடகைக் காரில் வேண்டாம்.

3. சாமான்

தண்ணீர், பழம், ரொட்டி எல்லாம் ஆலிஸ் சூப்பர் மார்க்கெட்டிலேயே வாங்கிவிடுங்கள். நாங்கள் புளிக்காய்ச்சலும் ஒரு சின்ன ரைஸ் குக்கரும் கொண்டுபோனோம், அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. சிம் என்றால் டெல்ஸ்ட்ராதான், அதுவும் ஊர்களைத் தாண்டினால் கிடைக்காது, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவையுங்கள். ஆலிஸிலிருந்து 200 கி.மீ. தெற்கே எர்ல்டண்டாவில் மேற்கே திரும்ப வேண்டும், விலை பார்க்காமல் அங்கே பெட்ரோல் நிரப்புங்கள். வழியில் இடப்பக்கம் தட்டையான உச்சியோடு ஒரு மலை தெரியும். அது கானர் மலை, அதையே உலுரு என்று நினைத்துப் பலர் வண்டியை நிறுத்திவிடுகிறார்கள்.

4. உலுரு

பூங்காச் சீட்டு 3 நாளுக்குச் செல்லும். 348 மீட்டர் உயரம், ஆனால் ஏறக் கூடாது. அந்த மண்ணின் பழங்குடிகளான அனாங்கு மக்களுக்கு அது புனித இடம், ஏறும் பாதையை 2019 அக்டோபர் 26 அன்று நிரந்தரமாக மூடிவிட்டார்கள். எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை. அடியைச் சுற்றி 10.6 கி.மீ. நடந்து பாருங்கள், மூன்றரை மணி நேரம் ஆகும். கிட்டே போனால் பாறையின் மேல்தோல் மீன் செதில் மாதிரி உரிந்திருக்கும். சிவப்பெல்லாம் பாறையில் உள்ள இரும்பு பிடித்த துருதான், பெயர்ந்த இடத்தில் சாம்பல் நிறம். முடிஜூலு சுனையில் மழைநீர் இறங்கிய தடங்கள் கருப்பாக நிற்கின்றன, பக்கத்துக் குகையில் பழைய ஓவியங்கள். அங்கே பேசாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சில இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை வைத்திருக்கிறார்கள், தயவுசெய்து அதன்படி நடந்துகொள்ளுங்கள்.

5. மற்றவை

கட்டா ஜூட்டாவில் 36 குன்றுகள், காற்றுப் பள்ளத்தாக்கு நடை 7.4 கி.மீ., காலையிலேயே முடித்துவிடுங்கள். கிங்ஸ் கேன்யன் விளிம்பு நடை 6 கி.மீ., தொடக்கத்திலேயே 500 படி. மூச்சு வாங்கும், அப்புறம் சமதளம்தான். இரவில் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்து நில்லுங்கள், பால்வீதி தலைக்கு மேல் இறங்கி வந்த மாதிரி இருக்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு செப்டம்பர் கடைசியில் போன ஒருவர் ஈத்தொல்லையைப் பற்றி எழுதியிருந்தார். நாங்கள் போன குளிரில் ஈயே இல்லை, அதனால் எனக்குத் தோன்றவில்லை. வெயில் காலம் நெருங்கும்போது போனால் முகத்தை மூடும் வலையை ஆலிஸிலேயே வாங்குங்கள், தொப்பிக்கு மேல் போட்டுக்கொள்ளலாம். குழந்தைக்கும் ஒன்று.