பல மேசைப் போக்கர் போட்டி: சிப்ஸை எண்ணி ஆடுவது எப்படி

யாழ்ப்பாணத்தில் 304 என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்களுக்குக் கணக்கு புதிதல்ல. எந்தத் துரும்பு போயிற்று, எத்தனை புள்ளி மிச்சம் என்று மனதில் ஓட்டுகிற பழக்கம் போக்கரிலும் கைகொடுக்கும். ஆனால் 304-இல் கூட்டாளி தாங்குவார், ஒரு கை போனால் அடுத்த கையில் பிடிக்கலாம். பல மேசைகளில் தொடங்கி ஒரே மேசையில் முடியும் பல மேசைப் போட்டியில் மறுநுழைவு (திரும்பக் கட்டணம் கட்டிச் சேர்வது) முடிந்த பிறகு சிப்ஸ் (பந்தய வில்லைகள்) தீர்ந்தால் எழும்ப வேண்டியதுதான். அதனால் இங்கே முதலில் எண்ண வேண்டியது கையில் உள்ள கார்ட்ஸை அல்ல, முன்னால் உள்ள சிப்ஸை.

எண்ணும் முறை இது. கார்ட்ஸ் போட முன்னரே இருவர் கட்டாயமாக வைக்கும் பந்தயம் பிளைண்ட்: சிறியது ஸ்மோல் பிளைண்ட், பெரியது பிக் பிளைண்ட். அன்டி என்பது அதற்கு மேல் பிக் பிளைண்ட்காரர் எல்லோருக்குமாக வைப்பது. பிளைண்ட் 500/1,000, பிக் பிளைண்ட் அன்டி 1,000 என்றால், கார்ட்ஸ் போட்டதுமே நடுவில் 2,500 கிடக்கும். மேசை ஒரு சுற்று வர உங்களுக்கு ஆகும் செலவும் அதே 2,500. உங்களிடம் 20,000 இருந்தால் அது 20 பிக் பிளைண்ட், எட்டுச் சுற்றுக்குக் காணும். பிளைண்ட் ஏறிக்கொண்டே போவதால் உண்மையில் எட்டும் வராது. ஒவ்வொரு கைக்கும் முன்னர் உங்கள் சிப்ஸையும், உங்களுக்குப் பின்னால் ஆடப்போகிறவர்களின் சிப்ஸையும் பிக் பிளைண்டாக மாற்றிப் பாருங்கள்.

தொடக்கத்தில் அவசரம் வேண்டாம். லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டியில் 60,000 சிப்ஸும் 100/200 பிளைண்டும், அதாவது 300 பிக் பிளைண்ட். இணையப் போட்டிகளில் பெரும்பாலும் இதைவிடக் குறைவு. இந்தக் கட்டத்தில் சின்னச் சோடிகளை (ஒரே எண்ணில் இரண்டு கார்ட்ஸ்) மலிவாகப் பார்க்கலாம். பிளொப்பில் (நடுவில் முதலில் விரிக்கும் மூன்று கார்ட்ஸில்) அதே எண்ணின் மூன்றாவது கார்ட் வருவது ஏறக்குறைய எட்டரைக்கு ஒரு தடவை. ஆகவே கோல் பண்ணும் (எதிராளியின் பந்தயத்துக்குச் சமமாகப் போடும்) தொகையைப்போல் 15 மடங்காவது இருவரிடமும் இருந்தால் மட்டும் போங்கள். ஏஸுடன் சின்னக் கார்ட் ஒன்றை வைத்துக்கொண்டு பெரிய பொட்டுக்குள் (நடுவில் சேர்ந்த பந்தயத்துக்குள்) இறங்குவதுதான் இந்தக் கட்டத்தில் பலரை வெளியே அனுப்புகிறது.

அன்டி வந்ததும் ஆட்டம் மாறிவிடும். மேலே சொன்ன மேசையில், எல்லோரும் போல்ட் பண்ணி (கையை விட்டு), பட்டன் இடத்தில் (இரு பிளைண்டுகளுக்கும் சற்று முன்னர் ஆடும் இடம்) முறை உங்களிடம் வந்தால் 2,000-க்கு ரெய்ஸ் பண்ணுங்கள் (பந்தயத்தை உயர்த்துங்கள்). 2,500-ஐ எடுக்க 2,000 போடுகிறீர்கள். நூறில் 45 தடவை இரு பிளைண்டுகளும் விட்டுக்கொடுத்தாலே அந்த ரெய்ஸ் தன் செலவை மீட்டுவிடும். மறுபக்கமாகப் பாருங்கள்: நீங்கள் பிக் பிளைண்டில் இருக்கையில் ஒருவர் 2,000-க்கு ரெய்ஸ் பண்ணினால் பொட்டில் 4,500. 1,000 போட்டுப் பார்ப்பதற்கு 18 வீத வெற்றி வாய்ப்புப் போதும். அங்கே நல்ல கையையெல்லாம் தூக்கி எறிவது நட்டம்.

10 பிக் பிளைண்டுக்குக் கீழே வந்தால் சின்ன ரெய்ஸை மறந்துவிடுங்கள்: ஓல் இன் (சிப்ஸ் எல்லாவற்றையும் போடுவது), அல்லது போல்ட். 10,000-இல் 2,000 போட்டுவிட்டு, எதிராளி திருப்பி அடித்ததும் விடுவதென்றால் ஐந்தில் ஒரு பங்கைச் சும்மா கொடுத்ததாகும். ஒன்பது பேர் மேசையில் முதல் இடத்தில் இருந்தால் நடுத்தரச் சோடிகள், ஏஸ்-ஜாக்குக்கு மேல், நல்ல சூட்டட் (இரண்டும் ஒரே இனமான) கிங்-குயின் என்று இறுக்கமாக இருங்கள். எல்லோரும் விட்டு ஸ்மோல் பிளைண்டில் முறை வந்தால், பாதிக்கு மேற்பட்ட கைகளை ஓல் இன் பண்ணலாம்.

நல்ல கை வரட்டும் என்று 3 பிக் பிளைண்ட் வரை இறங்குவது பெரும் பிழை. அப்போது நீங்கள் 3,000 தள்ளினால் பொட்டில் 5,500 இருக்கும், பிக் பிளைண்ட்காரர் இன்னும் 2,000 போட்டால் போதும். 27 வீத வாய்ப்பே அவருக்குக் காணும், ஏஸ்-கிங்குக்கு எதிரே 7-2 கூட மூன்றில் ஒரு தடவை அளவுக்கு வெல்லும். ஆகவே அவர் விடமாட்டார். எதிராளி விடக்கூடும் என்ற பலம் போய்விட்டால் கார்ட்ஸ் மட்டுந்தான் மிச்சம். 7 பிக் பிளைண்டாவது இருக்கும்போதே தள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து இணையத்தில் ஆடுகிறவர்கள் நேரத்தையும் பார்க்க வேண்டும். கிரினிச் நேரம் மாலை 6 மணிக்குத் தொடங்கும் போட்டி எங்களுக்கு இரவு 11.30. எட்டு மணித்தியாலம் போனால் காலை 7.30, பெரிய பரிசுக்கான முடிவுகள் எல்லாம் நித்திரை தூக்கும் நேரத்தில்தான் வரும். பின்னேரம் நித்திரை கொள்ளுங்கள், இல்லையென்றால் சின்னப் போட்டிக்குப் போங்கள். கரண்ட் நின்றால் ரவுட்டரும் நிற்கும், அதனால் போனில் டேட்டா போட்டு ஹொட்ஸ்பொட்டை முதலே சரிபார்த்து வையுங்கள். காசு வைத்து ஆடுவது பற்றிய நாட்டுச் சட்டத்தையும், அந்தத் தளத்தின் விதிகளையும் அறிந்த பிறகே பணம் போடுங்கள். அதிலும் ஒரு போட்டிக்கு, இதற்கென ஒதுக்கிய தொகையில் நூறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். பொதுவாக ஏழு பேரில் ஒருவர் அளவுக்கே பரிசு கிடைக்கும், அதிலும் பலருக்கு நுழைவுக்கட்டணத்தைவிடச் சற்றுக் கூடுதலே. நன்றாக ஆடுகிறவருக்கும் நீண்ட வறட்சி வரும்.

பரிசுக்குள் நுழையும் வாசலும், அதன் பின் பரிசு ஏறும் இடங்களும்தான் மிகக் கவனம் வேண்டியவை. ஓர் உதாரணம். மூன்று பேர் மிச்சம், பரிசு 50,000, 30,000, 20,000 ரூபா. சிப்ஸ் முறையே 5,000, 3,000, 2,000. ஒவ்வொருவரும் எந்த இடத்தில் முடிக்கக்கூடும் என்று சிப்ஸ் விகிதப்படி கணித்தால் அவர்களின் பங்கின் பெறுமதி ஏறக்குறைய 38,393, 32,750, 28,857. பாதிச் சிப்ஸ் வைத்திருப்பவருக்குப் பாதிப் பணம் இல்லை.

நீங்கள் இரண்டாமவர், பெரியவர் ஓல் இன் போடுகிறார் என்று வையுங்கள். பிளைண்டைக் கணக்கில் எடுக்காமல் பார்த்தால், கோல் பண்ணி வென்றால் உங்கள் பங்கு 41,000, தோற்றால் 20,000. அதாவது 8,250 வர, 12,750-ஐப் பணயம் வைக்கிறீர்கள். வெல்லும் வாய்ப்பு 61 வீதமாவது இருந்தால்தான் கட்டும். 55 வீதக் கையைக்கூட இங்கே விட வேண்டும், சிப்ஸ் கணக்கில் அது இலாபமாகத் தெரிந்தாலும். இதே காரணத்தால் நீங்கள் பெரியவராக இருந்தால் நடுவில் உள்ளவர்களை விடாமல் அழுத்துங்கள். மிகச் சிறியவரைச் சும்மா மிரட்டாதீர்கள், அவருக்கு இழக்க அதிகமில்லை.

இந்தக் கட்டத்தில் மிச்சப் பரிசைப் பிரித்துக்கொள்வோமா என்ற பேச்சும் வரும். எல்லோருக்கும் 20,000 ஒதுக்கி, மிச்சம் 40,000-ஐச் சிப்ஸ்படி பிரித்தால் 40,000, 32,000, 28,000 ஆகும். பெரியவருக்கு 1,607 கூடுதல், மற்ற இருவருக்கும் குறைவு. நீங்கள் இரண்டாம் அல்லது மூன்றாம் இடத்தில் இருந்தால் மேலே சொன்ன விகிதக் கணக்கைக் கேளுங்கள், பெரியவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆட்டத்தைத் தொடருங்கள்.