டெல்டா சுயசரிதைகளில் வரலாறு வளையும் இடங்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஓய்வுபெற்ற ஆசிரியர், பழைய மிராசுதார், விவசாயச் சங்கக்காரர் என்று காவிரி டெல்டாவில் தன் வரலாற்றை எழுதிச் சொந்தச் செலவில் அச்சடித்து, சதாபிஷேகத்திலோ பேத்தி கல்யாணத்திலோ கொடுப்பவர்கள் நிறைய. ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள், இல்லாவிட்டால் வெறும் சுயபெருமை என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டிலும் நஷ்டம்தான். எழுதியவர் எதை, எந்தப் பக்கம் வளைத்தார் என்று தெரிந்தால் அதுவே ஒரு சான்று.

முதலில் ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: சம்பவம் நடந்த ஆண்டு, எழுதிய ஆண்டு, அச்சான ஆண்டு. ஒவ்வொரு முக்கியச் சம்பவத்துக்கும் இதை நிரப்ப வேண்டும். உ.வே.சாமிநாதையர், தன்னைச் சீவக சிந்தாமணி போன்ற பழந்தமிழ் நூல்களின் பக்கம் திருப்பிய சேலம் இராமசாமி முதலியாரைக் கும்பகோணத்தில் சந்தித்தது 1880இல். ஐயரின் சுயசரிதை ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் தொடராக வரத் தொடங்கியது 1940இல். இடையில் 60 ஆண்டு. அந்தச் சந்திப்பு நேர்ப் பேச்சாக, கேள்வியும் பதிலுமாக எழுதப்பட்டிருக்கிறது. சந்திப்பு நடந்தது உண்மை. வாக்கியங்கள் 80 வயதைத் தாண்டியவர் திரும்பக் கட்டியவை. சீவக சிந்தாமணியைப் பதிப்பித்து முடித்த பிறகே அந்த நாள் அவருக்குத் திருப்புமுனையாகியிருக்க முடியும். எந்தச் சுயசரிதையிலும் மேற்கோள்குறிக்குள் வரும் பழைய உரையாடலை இப்படியே எடைபோடுங்கள்.

அடுத்தது ஆண்டுக் கணக்கு. பெரியவர்கள் தமிழ் வருஷப் பெயரில் எழுதுவார்கள். அது 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும்: ரக்தாட்சி என்றால் 1924ஆகவும் இருக்கலாம், 1984ஆகவும் இருக்கலாம். வருஷம் சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனியில் இன்னொரு சறுக்கல் உண்டு. ஐயர் பிறந்த 19.2.1855 ஆனந்த வருஷத்து மாசி; ஆனந்த என்றால் 1854 என்று பட்டியலைப் பார்த்து எழுதினால் ஒரு வருடம் பிசகிவிடும். பள்ளிச் சான்றிதழின் பிறந்த தேதியைவிட ஜாதகம் பெரும்பாலும் நம்பகமானது. பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டிப் போடுவது அன்று சகஜம்.

பின்னாளின் அறிவு முன்னாளுக்குள் கசிகிறதா என்று சலிக்கச் சில தேதிகள் போதும். மேட்டூர் அணை திறக்கப்பட்டது 21.8.1934இல். 1920களின் பால்யத்தில், ஜூன் 12இல் மேட்டூரிலிருந்து பாசனத் தண்ணீர் திறப்பதை எதிர்பார்த்தார்கள் என்று வந்தால், எழுதியவர் பிற்கால நினைவை அங்கே ஏற்றியிருக்கிறார். நயா பைசா வந்தது 1.4.1957. ஐ.ஆர்.8 நெல் 1966. நாகை மாவட்டம் பிரிந்தது 1991, மயிலாடுதுறை 2020. இவற்றைத் தப்பு என்று அடிக்காதீர்கள், ஓரத்தில் குறியுங்கள். ஒரே அத்தியாயத்தில் மூன்று நான்கு சேர்ந்துவிட்டால், அந்த அத்தியாயம் நினைவைவிடக் கேள்விப்பட்டதை நம்பி எழுதப்பட்டிருக்கலாம்.

நிலத்தைப் பற்றிய பக்கங்களில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ‘எங்களுக்குப் பத்து வேலி’ என்று ஒரு வரி இருந்தால் முதலில் ஏக்கராக்குங்கள்: 20 மா ஒரு வேலி, சுமார் 3 மா ஒரு ஏக்கர், ஆக 66 ஏக்கருக்குச் சற்று மேல். பிறகு அது சொந்தமா, கோயில் குத்தகையா, மடத்துக் குத்தகையா என்று பாருங்கள். சுயசரிதையில் மூன்றும் ‘எங்கள் நிலம்’ ஆகிவிடும். எழுதிய ஆண்டு இங்கே மிக முக்கியம். 1961 சட்டம் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று உச்சவரம்பு வைத்தது, 1970இல் அது 15 ஆனது. அதன் பிறகு எழுதியவருக்குத் தாத்தா காலத்து நிலத்தைப் பெருக்கிச் சொல்லவும், தன் காலத்து நிலத்தைக் குறைத்துச் சொல்லவும் காரணம் உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று, பழைய கிரையப் பத்திரங்கள், கிராமத்து ‘அ’ பதிவேடு (சர்வே எண்வாரியான நிலக் கணக்கு) மூன்றையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

காரணங்கள் இடம் மாறுவது இதைவிட நுட்பமானது. ‘புயலுக்கப்புறம் பண்ணை கலைந்தது’ என்று ஒருவர் எழுதினால், எந்தப் புயல் என்று கேளுங்கள். 1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12, 2018 நவம்பர் 16 மூன்றும் ‘பெரிய புயல்’தான். 1952 என்றால், பண்ணையாட்களை வெளியேற்றுவதைக் கட்டுப்படுத்திய தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் அதே ஆண்டு வந்தது. சட்டத்தை விட்டுவிட்டுப் புயலை மட்டும் சொன்னால் பழி இயற்கையின் தலையில் விழுகிறது, யாரும் யாரையும் வெளியேற்றவில்லை என்றாகிறது.

எழுதுகிறவர் தன்னை எப்படிச் செதுக்கிக்கொள்கிறார் என்பதை வினைச்சொற்கள் காட்டிக்கொடுக்கும். பத்துப் பக்கத்தில் ‘நான்’, ‘நாங்கள்’, செய்தவர் யார் என்றே சொல்லாத வாக்கியம் மூன்றையும் மூன்று நிறத்தில் அடிக்கோடிடுங்கள். ஊருக்குப் பள்ளிக்கூடம் கட்டியது நான். பாகப்பிரிவினைத் தகராறு ‘பேசித் தீர்க்கப்பட்டது’. ‘நாங்கள் குறுவை நட்டோம்’ என்று மிராசுதார் எழுதினால், அந்த ‘நாங்கள்’ சேற்றில் இறங்கியதா என்று பாருங்கள். சங்கக்காரர்கள் எழுதுவதில் வளைவு எதிர்த்திசையில்: ‘நான்’ மறைந்து கட்சி நிற்கும். 1964இல் கம்யூனிஸ்ட் கட்சி பிளந்ததால், மறுபக்கம் போனவர்களின் பெயர்கள் அதற்கு முந்தைய போராட்டங்களிலிருந்தும் உதிர்ந்திருக்கின்றனவா என்று, அக்காலத் துண்டறிக்கை கிடைத்தால் ஒப்பிடுங்கள்.

சொல்லாமல் விட்டதையும் அதே நோட்டில் எழுத வேண்டும். நாகை வட்டாரத்துக்காரர் 1968 மார்கழியைப் பற்றி நாலு பக்கம் எழுதி, டிசம்பர் 25இல் 44 பேர் கொல்லப்பட்ட கீழ்வெண்மணியைத் தொடாமல் போனால் அது இடைவெளி. ஆனால் உடனே குற்றம் சாட்டிவிடாதீர்கள். பயம், வெட்கம், உறவுமுறை, அச்சுக்குக் கொடுக்கும்முன் பிள்ளைகள் வெட்டியது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். கையெழுத்துப் பிரதி வீட்டில் இருந்தால் அடித்த வரிகளைப் படித்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

மறுபதிப்புக்குத் தயார் செய்கிறவர் மூலத்தில் ஓர் எழுத்தையும் திருத்தக் கூடாது. 1934 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1931 இருந்தால் அப்படியே விட்டு, கீழே அடிக்குறிப்பில் சரியான ஆண்டையும் ஆதாரத்தையும் தாருங்கள். குடும்பத்தார் ஏதாவது பக்கத்தை நீக்கச் சொன்னால், நீக்கிய இடத்தையும் எத்தனை பக்கம் என்பதையும் அடைப்புக்குறிக்குள் அச்சிட முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். அச்சகத்துக்குப் போன பிறகு கேட்டால் சம்மதிக்க மாட்டார்கள்.