போன் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்: மார்பக ஆபரேஷன் நோயாளிகளும் சந்தா கிளினிக் செய்யும் தவறுகளும்

போன மாதம் எங்கள் கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்த டாக்டர் பெண், மார்பக ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய ஓர் உறுப்பினருக்குத் தான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியைப் பெருமையாகக் காட்டினாள். "விரைவில் குணமடைய வாழ்த்துகள். தேவைப்பட்டால் எப்போது வேண்டுமானாலும் அழைக்கவும்." கீழே ஒரு பூங்கொத்து. பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சில வருஷங்களுக்கு முன் நான் அனுப்பிய அதே செய்தி. பூங்கொத்து மட்டும் புதுசு.

திருவொற்றியூரில் நாங்கள் நடத்துவது சந்தா கிளினிக். குடும்பத்துக்கு மாதம் இவ்வளவு என்று கட்டிவிட்டால், எத்தனை முறை வந்தாலும், போனில் பேசினாலும் தனிக் கட்டணம் கிடையாது. அமெரிக்காவில் டைரக்ட் பிரைமரி கேர் என்று நடப்பதைப் பார்த்து, நம்ம ஏரியாவுக்குத் தைத்துக்கொண்ட சட்டை. ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் பெரிய ஆஸ்பத்திரியின் வேலை. ஆஸ்பத்திரி வாசலுக்கும் வீட்டு வாசலுக்கும் நடுவே கழிகிற வாரங்கள் எங்கள் பொறுப்பு. காயத்தை நனைக்காதே, மாத்திரையை மறக்காதே என்பதெல்லாம் டிஸ்சார்ஜ் தாளிலேயே இருக்கும். அதை நான் திருப்பி எழுதப்போவதில்லை.

சந்தாவை இன்சூரன்ஸ் என்று நம்பவிடுவது

"மாசாமாசம் கட்றோமே, ஆபரேஷனுக்கு எவ்வளவு கழியும்?" என்று கேட்பார்கள். ஒரு பைசாவும் கழியாது என்பதைச் சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கிறது. அந்த அட்டை வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள், பயாப்ஸிக்கு அனுப்பும் அன்றைக்கே. அட்மிஷன் போட்ட பிறகு ரேஷன் கார்டையும் வருமானச் சான்றையும் தேடி அலைய வைக்காதீர்கள்.

ஷுகர் மாத்திரைப் பட்டியலைப் பார்க்காமல் அனுப்புவது

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இப்போது விலை குறைந்து எல்லார் கையிலும் இருக்கின்றன. ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே இவற்றை நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் போனால், பட்டினி கிடக்கும் உடம்பில் கீட்டோன் ஏறி ரத்தம் அமிலமாகும். குளுக்கோமீட்டரோ ஏறக்குறைய நல்ல எண்ணையே காட்டி ஏமாற்றும். எந்த மாத்திரையை எப்போது நிறுத்துவது, அதுவரை ஷுகருக்கு என்ன செய்வது என்பதை மயக்க மருந்து டாக்டரிடம் கேட்டு, ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். வாயால் சொன்னது நிற்காது.

போன் வரட்டும் என்று காத்திருப்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளுக்குப் புடவை ஃபால்ஸ் தைத்துக் கொடுக்கும் அக்கா ஒருவர், ஐம்பதை நெருங்கும் வயது, எங்கள் பழைய உறுப்பினர். கட்டி பெரிதாக இருந்ததால் கீமோவை முதலில் கொடுத்து, சுருங்கியதும் மார்பை எடுத்தார்கள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுத்தாயிற்று. அடுத்தது ரேடியேஷன். டிஸ்சார்ஜ் ஆன அன்று நான் மேலே சொன்ன செய்தியை அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

வீட்டில் மாமியார், எதிர்வீட்டுக்காரர், ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரே பாட்டு: "கையத் தூக்காதே, தையல் பிரிஞ்சிடும்." ஆஸ்பத்திரியில் கொடுத்த உடற்பயிற்சித் தாளை மகள் பத்திரமாகப் பீரோவில் வைத்துவிட்டாள்.

ஆறு வாரம் கழித்து ஷுகர் மாத்திரைக்காக வந்தார். முந்தானைக்குள் கை மடங்கி, விலாவோடு ஒட்டிக் கிடந்தது. தூக்கச் சொன்னால் தோள் மட்டத்தில் பாதிகூட வரவில்லை. ரேடியேஷனுக்கு அளவெடுக்கப் போன இடத்தில் ஏற்கெனவே திருப்பி அனுப்பியிருந்தார்கள். மேசையில் மல்லாந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்து, அசையாமல் படுத்தால்தான் அங்கே குறி வைக்க முடியும். பிசியோவிலேயே மூன்று வாரம் போயிற்று. வலியில் அழுதுகொண்டே போய்வந்தார். தையல் வேலையும் போச்சு, ஆட்டோ காசும் போச்சு, சிகிச்சையும் தள்ளிப்போனது.

"ஏன்க்கா, எனக்கு ஒரு போன் போடக்கூடாதா?"

"அதான் பெரிய ஆஸ்பத்திரில பாக்குறாங்களே, உங்கள எதுக்குத் தொல்ல பண்ணணும்னு இருந்துட்டேன் டாக்டரம்மா."

மாதம் தவறாமல் சந்தா கட்டியவர், கட்டிய காசுக்குப் பேசக் கூச்சப்பட்டிருக்கிறார். எனக்கோ அந்த மௌனம் வசதியாக இருந்தது. போன் வரவில்லை என்றால் நன்றாக இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு முறைக்கு 150 ரூபாய் வாங்கும் கிளினிக்கில், வராத நோயாளியைத் தேடிப் போக வழியில்லை என்றாவது சொல்லலாம். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், பணியாளர்கள் பிபி, ஷுகர் மாத்திரையோடு வீட்டுக்கே போகிறார்கள். காசு வாங்கும் நான் ஒரு போன்கூடப் போடவில்லை.

இப்போது நாங்கள்தான் கூப்பிடுகிறோம். வீட்டுக்குப் போன மறுநாள், மூன்றாம் நாள், டிரெயின் (காயத்தில் ஊறும் நீரை வெளியேற்ற வைத்த குழாய்) எடுத்த அன்று, அப்புறம் ஆறு வாரம் வரை வாரம் ஒரு முறை. யார் கூப்பிட வேண்டும் என்று பெயர் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

புதிதாக வரும் பிள்ளைகள் இதிலும் ஒரு இடத்தில் சறுக்குகிறார்கள். "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். "நல்லா இருக்கேன்" என்று பதில் வரும். வேறென்ன வரும்? தலையை யார் வாரி விடுறாங்க என்று கேளுங்கள். ரவிக்கைக் கொக்கியை யார் மாட்டுறாங்க, கொடியில் துணி போட முடியுதா என்று கேளுங்கள். "பொண்ணுதான் வாரி விடுறா" என்று இரண்டாவது வாரமும் சொன்னால் அன்றைக்கே கிளினிக்குக்கு வரச் சொல்லுங்கள்.

டிரெயினைப் பற்றியும் எண்ணாகவே கேளுங்கள்: நேற்று எத்தனை மில்லி, இன்று எத்தனை, என்ன நிறம். ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கிய பிறகுதான் பெரும்பாலும் எடுப்பார்கள். அதற்கான நாளைக் குறிப்பது சர்ஜன். எடுத்த பிறகு அக்குளில் தண்ணீர் கோர்த்து வீங்கினால் நாமே ஊசி வைத்து உறிஞ்சக் கூடாது, அவரிடம்தான் அனுப்ப வேண்டும்.

கை அசைவைப் பொறுத்தவரை, முதல் நாளிலிருந்தே விரல், மணிக்கட்டு, முழங்கை. டிரெயின் இருக்கும்வரை கையைத் தோள் மட்டம் வரை. எடுத்த பிறகு, சர்ஜன் சரி என்றதும், சுவரில் விரல்களை நண்டு போல ஏறவிடுவது. எட்டிய இடத்தில் சாக்பீஸால் கோடு போடச் சொல்கிறேன். நேற்றையக் கோட்டைத் தாண்டினால் மாமியார்களே கைதட்டுகிறார்கள். உண்மையில் அந்தப் போனை மாமியாரிடம் கொடுக்கச் சொல்லிப் பேசுவதே பாதி வேலை.

ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையில் பிபி பார்ப்பது

இன்னொரு கை இருக்கிறது.

ரிப்போர்ட் ஆஸ்பத்திரியிலேயே கிடப்பது

"கட்டியை எடுத்தாச்சு, முடிஞ்சிடுச்சு" என்று குடும்பம் நிம்மதியாகிவிடும். ஆனால் அடுத்து என்ன மருந்து என்பது எடுத்த சதையின் ரிப்போர்ட்டில்தான் இருக்கிறது: ஈஆர், பிஆர் (ஹார்மோனைப் பிடிக்கும் புரதங்கள்), ஹெர்-2 (கட்டியை வேகமாக வளர்க்கும் புரதம்). ஹெர்-2 எதிரே 2 ப்ளஸ் என்று இருந்தால் அது இன்னும் முடிவில்லை, வழக்கமாக ஃபிஷ் எனும் மரபணுப் பரிசோதனை செய்தே தீர்மானிப்பார்கள். என்றைக்கு ரிப்போர்ட் வரும் என்று தேதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கி வந்ததும் ஒரு போட்டோ நம் போனிலும் இருக்கட்டும். மழையில் ஃபைல் நனைந்து போன வீடுகளை இந்தப் பக்கம் நிறையப் பார்த்தாயிற்று.

கீமோ நாட்களில் காய்ச்சலுக்குப் பாரசிட்டமால்

100.4 ஃபாரன்ஹீட் தொட்டால் ஆஸ்பத்திரி. ராத்திரி இரண்டு மணியானாலும்.

டமாக்சிஃபென் சாப்பிடுபவருக்கு வேறு மாத்திரை எழுதுவது

டமாக்சிஃபென் ஹார்மோனைத் தடுக்கும் மார்பகப் புற்றுநோய் மாத்திரை. இதைச் சாப்பிடுபவர்கள் உடம்பெல்லாம் திகுதிகுவென்று எரிகிறது, தூக்கமில்லை, மனசு சரியில்லை என்று வருவார்கள். கை பழக்கத்தில் மனச்சோர்வு மாத்திரைகளான பராக்ஸெடினோ ஃப்ளுயாக்ஸெடினோ எழுதிவிடாதீர்கள். டமாக்சிஃபென் உடம்புக்குள் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதை இவை தடுக்கும். வேறு மருந்து இருக்கிறது, புற்றுநோய் டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். மாதவிலக்கு நின்றவருக்கு மறுபடி ரத்தம் பட்டால், கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கினால், அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள்.

இந்த மாத்திரை குறைந்தது 5 வருஷம், சிலருக்கு 10. இரண்டாவது வருஷத்தில் பலர் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். சாப்பிடுறீங்களா என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். காலி அட்டைகளைக் கொண்டுவரச் சொல்லி நாங்கள் எண்ணுகிறோம்.