ஆஸ்பெர்ஜில்லஸ் வித்தும் நுரையீரல் மேக்ரோஃபேஜும்: ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்கும் முறை

ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்னும் பூஞ்சையின் வித்துகளை நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் நூற்றுக்கணக்கில் சுவாசிக்கிறோம். 2 முதல் 3 மைக்ரான் விட்டமே உள்ள இவ்வித்துகள், மூக்கிலும் மூச்சுக்குழலிலும் உள்ள தடைகளைத் தாண்டி, நுரையீரலின் காற்று நுண்ணறைகள் வரை எளிதில் சென்றுவிடுகின்றன. அங்கேயே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் செல்கள் அவற்றை விழுங்கி அழித்துவிடுவதால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் வெள்ளணுக்கள் குறைந்துபோன ரத்தப் புற்றுநோயாளிகள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள், நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்கள் ஆகியோரிடம் இதே வித்து முளைத்து, இழையாக நீண்டு, நுரையீரல் திசுவையும் ரத்த நாளங்களையும் துளைத்துச் செல்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட முன்னுரிமைப் பூஞ்சைகளின் பட்டியலில் மிகவும் அபாயகரமானவை என்று வகுக்கப்பட்ட நான்கில் இதுவும் ஒன்று.

வித்தும் மேக்ரோஃபேஜும் சந்திக்கும்போது நடப்பதை ஆய்வகத்தில் பார்த்து, எண்ணி, அளவிடும் முறையை நுண்ணுயிரியல் முதுநிலை மாணவர்களுக்காகவும் ஆய்வு மாணவர்களுக்காகவும் இங்கே விளக்குகிறேன். செய்முறையில் கடினமானது எதுவும் இல்லை. பலருடைய முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததற்கு முக்கியக் காரணம், செல்லுக்குக் கொடுத்த வித்து அப்போது எந்த நிலையில் இருந்தது என்பதைக் கவனிக்காமல் விடுவதே.

வித்தின் நிலையும் நேரமும்

உறங்கு நிலையில் உள்ள வித்தின் மேற்பரப்பை ராட்-ஏ என்னும் நீர்விலக்கும் புரதம் நுண்ணிய கோல்களாக அடுக்கப்பட்டு மூடியிருக்கிறது. அதற்குக் கீழே மெலனின் நிறமியும், அதற்கும் உள்ளே பீட்டா-1,3-குளூக்கான் முதலிய சர்க்கரைச் சங்கிலிகளாலான செல்சுவரும் உள்ளன. மேலுறை இருக்கும்வரை நோயெதிர்ப்புச் செல்கள் வித்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. அவ்வுறையை நீக்கிய வித்துகள் செல்களைத் தூண்டிவிடுகின்றன என்று 2009-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. 37 டிகிரி செல்சியஸில் ஊட்ட ஊடகத்தில் வைத்தால் 4 முதல் 6 மணி நேரத்துக்குள் வித்து உப்புகிறது. மேலுறை கிழிந்து பீட்டா-குளூக்கான் வெளியே தெரிகிறது. அதை மேக்ரோஃபேஜின் டெக்டின்-1 என்னும் ஏற்பி பற்றிக்கொள்கிறது. 6 முதல் 8 மணி நேரத்தில் முளைக்குழல் நீட்டுகிறது. 12 மணி நேரத்தைத் தாண்டினால் இழைகள் மேக்ரோஃபேஜைவிட நீளமாகிவிடுவதால் விழுங்குவதற்கு வழியே இல்லை. அதன்பின் போராட்டம் பெரும்பாலும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்களின் பொறுப்பாகிறது.

எனவே, 2 மணி நேரத்தில் நிறுத்தும் சோதனை விழுங்குதலையும் செல்லுக்குள் நடக்கும் அமிலமாக்கலையும் அளக்கிறது. 6 முதல் 8 மணி நேரத்தில் நிறுத்துவது அடையாளம் காணுதலையும் சைட்டோகைன் என்னும் சமிக்ஞைப் புரதங்களின் சுரப்பையும் அளக்கிறது. அதற்கும் மேலே போனால் அளக்கப்படுவது இழையோடு நடக்கும் போராட்டம். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கேற்ற நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வித்துகளைத் திரட்டுதல்

இப்பூஞ்சையைக் கையாள இரண்டாம் நிலை உயிர்ப் பாதுகாப்பு வசதியும் இரண்டாம் வகுப்புப் பாதுகாப்புப் பெட்டியும் தேவை. ஆஸ்துமா உள்ளவர்களும் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்பவர்களும் வித்து திரட்டும் வேலையில் ஈடுபடக் கூடாது. இது சம்பிரதாயத்துக்குச் சொல்லும் எச்சரிக்கை அன்று. நன்கு விளைந்த அகர் தட்டின் மூடியைச் சட்டெனத் திறந்தால் விபூதியை ஊதியதுபோல வித்து பறக்கும்.

மால்ட் அகர் அல்லது சபோராட் அகரில் 37 டிகிரியில் 5 நாள் வளர்த்த தட்டை எடுத்துக்கொள்ளவும். வளர்ப்பின் வயது ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருக்கட்டும். 0.01 சதவீதம் ட்வீன் 20 (சோப்புபோலச் செயல்படும் பொருள்) கலந்த பி.பி.எஸ். என்னும் பாஸ்பேட் உப்புக் கரைசலை 10 மில்லிலிட்டர் ஊற்றி, வளைந்த கண்ணாடிக் கோலால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். ட்வீன் இல்லாத வெறும் பி.பி.எஸ். ஊற்றினால், நீர்விலக்கும் உறை காரணமாகத் துளிகள் பச்சைப் பரப்பின் மேல் உருண்டு ஓடுமே தவிர வித்து கரைசலுக்குள் வராது. திரட்டியதை 40 மைக்ரான் வடிகட்டியில் வடித்தால் இழைத் துண்டுகளும் கட்டிகளும் நின்றுவிடும். பிறகு இரண்டு மூன்று முறை கழுவி, 4 டிகிரியில் வைத்துக் கூடியவரை அன்றைக்கே பயன்படுத்துவது நல்லது.

எண்ணிக்கைக்கு ஹீமோசைட்டோமீட்டர் என்னும் கட்டமிட்ட எண்ணும் கண்ணாடி போதும். கரைசலை 100 மடங்கு நீர்த்து, நடுவிலுள்ள ஒரு சதுர மில்லிமீட்டர் கட்டத்தில் 80 வித்துகள் தெரிந்தால், 80-ஐ 10,000-ஆலும் பிறகு 100-ஆலும் பெருக்க, மூலக் கரைசலில் மில்லிலிட்டருக்கு 8 கோடி என்று வரும். எண்ணும்போது வித்துகள் தனித்தனியாக இருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று நான்காக ஒட்டியிருந்தால் மறுபடி வடிகட்டாமல் மேலே போகக் கூடாது, ஏனெனில் ஒரு கட்டியை விழுங்கிய செல்லும் நான்கு தனி வித்துகளை விழுங்கிய செல்லும் கணக்கில் ஒன்றாகவே தெரியும்.

பச்சை ஒளிர்வுச் சாயமான எஃப்.ஐ.டி.சி.-யை 0.1 மோலார் சோடியம் கார்பனேட் கரைசலில் கலந்து, 37 டிகிரியில் இருட்டில் 30 நிமிடம் வித்துகளோடு வைத்து, ட்வீன் கலந்த பி.பி.எஸ்.-இல் நன்கு கழுவினால் வித்துகள் பச்சையாக ஒளிரும். இச்சாயம் மேற்பரப்புப் புரதங்களில் ஒட்டுவதால் அளவுக்கு மீறிச் சேர்த்தால் நாம் ஆராயும் அந்த மேற்பரப்பையே மாற்றிவிடும். நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும் குறைந்தபட்ச அளவே சரியான அளவு.

உயிரற்ற வித்து தேவைப்படும் சோதனைகளில் புற ஊதாக் கதிராலோ பாராஃபார்மால்டிஹைடாலோ கொல்லலாம். சூடாக்கிக் கொன்ற வித்தை உறங்கு வித்துக்கு மாற்றாகப் பயன்படுத்துவது தவறு. வெப்பம் மேலுறையைக் குலைத்து பீட்டா-குளூக்கானை வெளிக்காட்டிவிடுவதால், செல்கள் அதை உப்பிய வித்தாகவே நடத்தும்.

மேக்ரோஃபேஜ்கள்

எலியின் நுண்ணறை மேக்ரோஃபேஜிலிருந்து உருவாக்கப்பட்ட எம்.எச்.-எஸ். செல்வரிசை தொடக்கக்காரர்களுக்கு ஏற்றது. பல ஆய்வகங்களில் எளிதாகக் கிடைக்கும் ரா 264.7 செல்வரிசை நுரையீரலிலிருந்து வந்ததன்று; அதை வைத்துப் பழகிக்கொள்ளலாம், ஆனால் அதில் கிடைத்ததை 'நுரையீரலில் நடப்பது' என்று எழுதக் கூடாது. எலியின் நுரையீரலைக் கழுவி எடுக்கும் மேக்ரோஃபேஜ்களே உண்மைக்கு மிக அருகில் இருப்பவை. அதற்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், ஓர் எலியிலிருந்து கிடைக்கும் செல்களும் சில லட்சங்களைத் தாண்டுவது அரிது.

24 குழிகள் கொண்ட பிளேட்டில் ஒவ்வொரு குழியிலும் 12 மில்லிமீட்டர் கவர்ஸ்லிப் ஒன்றை இட்டு, அதன்மேல் 2 லட்சம் செல்களை ஆர்.பி.எம்.ஐ. ஊடகத்தில் விதைத்து, 5 சதவீதம் கார்பன் டைஆக்சைடு உள்ள இன்குபேட்டரில் ஓர் இரவு ஒட்டவிட வேண்டும். ஊடகத்திலுள்ள சீரத்தை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கிக்கொள்வது அவசியம். சூடாக்காத சீரத்திலுள்ள காம்ப்ளிமென்ட் என்னும் நோயெதிர்ப்புப் புரதங்கள் வித்தின் மேல் படிந்தால் விழுங்குதல் அதிகரிக்கும். அதைச் சாயம், மரபணு மாற்றம், மருந்து ஆகியவற்றின் விளைவு என்று தவறாக எண்ணிவிட நேரும். காம்ப்ளிமென்டின் பங்கையே ஆராய்வதானால் கதை வேறு. அப்போது சூடாக்கிய சீரமும் சூடாக்காத சீரமும் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் இருக்க வேண்டும்.

சந்திப்பை ஒரே நேரத்தில் தொடங்குதல்

வித்துகள் மெல்ல மெல்ல மூழ்கிச் செல்லைத் தொடுவதால், ஊற்றிய நேரத்தைத் தொடக்கமாகக் கொண்டால் ஒவ்வொரு வித்துக்கும் ஒவ்வொரு தொடக்க நேரம் வந்துவிடும். இதைத் தவிர்க்க, மேலே சொன்ன 8 கோடிக் கரைசலை ஊடகத்தில் 100 மடங்கு நீர்த்து, குழிக்கு அரை மில்லிலிட்டர் சேர்க்கவும். 2 லட்சம் செல்லுக்கு 4 லட்சம் வித்து, அதாவது ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் கிடைக்கும். பிளேட்டை 4 டிகிரியில் 30 நிமிடம் வைத்தால் வித்து செல்லின் மேல் படியும், ஆனால் உள்ளே போகாது. அதன்பின் ஒட்டாதவற்றைக் கழுவி நீக்கி, 37 டிகிரிக்கு வெதுவெதுப்பாக்கிய ஊடகத்தை ஊற்றி இன்குபேட்டருக்கு மாற்றும் நொடியே பூஜ்ஜிய நேரம். ஒன்றுக்குப் பத்து என்று வித்தை அள்ளிக்கொடுப்பது படத்துக்கு அழகாக இருக்கும், எண்ணுவதற்கு உதவாது.

உள்ளே, வெளியே

விழுங்கப்பட்ட வித்தையும் செல்லின் மேல் வெறுமனே ஒட்டியிருக்கும் வித்தையும் பிரித்தறிவதே இச்சோதனையின் உயிர்நாடி. கால்கோஃப்ளூர் ஒயிட் என்னும் நீலச் சாயம் உயிருள்ள செல்லின் சவ்வைக் கடக்காது. எனவே வெளியில் இருக்கும் வித்தை மட்டும் பிடிக்கும். 2 மணி நேரம் முடிந்ததும் பிளேட்டைப் பனிக்கட்டியின் மேல் வைத்து, மில்லிலிட்டருக்கு 0.25 மில்லிகிராம் என்ற அளவில் அச்சாயத்தை 15 நிமிடம் விட்டு, கழுவி, அதன்பிறகே ஃபார்மால்டிஹைடில் செல்களை நிலைப்படுத்த வேண்டும். வரிசை மாறினால் சவ்வு கசிந்து உள்ளிருப்பதும் நீலமாகிவிடும்.

ஒளிர்வு நுண்ணோக்கியில் பார்க்கும்போது முதலில் சாதாரண ஒளியில் ஒரு செல்லின் எல்லையைக் கண்டுகொள்ளுங்கள். பச்சை வடிகட்டியில் அச்செல்லின் மேல் மூன்று வித்துகள் தெரிவதாகக் கொள்வோம். நீல வடிகட்டிக்கு மாறும்போது ஒன்று மட்டும் நீலமாக எரிந்து மற்ற இரண்டும் மறைந்தால், அந்த இரண்டே விழுங்கப்பட்டவை. நுண்சக்கரத்தைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் நீல வித்து செல்லின் மற்றப் பகுதியோடு ஒரே தளத்தில் தெளிவாகாமல் மேலே நிற்பதையும் காணலாம். நீண்ட நேரச் சோதனையில், முளைக்குழல் செல்லைக் கிழித்து வெளிவரும்போது தாய் வித்து பச்சையாகவும், பச்சைச் சாயம் ஏறாத புதுக்குழலின் வெளிப்பகுதி நீலமாகவும் இருக்கும். தப்பித்தலை எண்ண இது மிக வசதியான அடையாளம்.

குறைந்தது 200 மேக்ரோஃபேஜ்களை எண்ண வேண்டும். அவற்றில் 130 செல்களுக்குள் ஒரு வித்தாவது இருந்தால் விழுங்கிய செல்கள் 65 சதவீதம். உள்ளே இருக்கும் வித்துகளின் கூட்டுத்தொகை 312 என்றால், எண்ணிய செல் ஒன்றுக்குச் சராசரியாக எத்தனை வித்து என்பதைக் காட்டும் விழுங்கு குறியீடு 1.56. இரண்டையும் சேர்த்தே தர வேண்டும், ஏனெனில் எல்லாச் செல்களும் ஆளுக்கொன்று விழுங்கியதா, சில செல்கள் மட்டும் அள்ளி விழுங்கினவா என்பது ஒற்றை எண்ணில் தெரியாது. குழிகளின் பெயரை வேறொருவர் மறைத்துக் கொடுக்க, எது எதுவென்று அறியாமல் எண்ணுவதே முறை.

கட்டுப்பாட்டுக் குழிகளில் மூன்றை விட்டுவிடக் கூடாது. மேக்ரோஃபேஜ் இல்லாமல் வித்து மட்டும் உள்ள குழியில் எல்லா வித்தும் பச்சையோடு நீலமாகவும் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சாயம் ஏறவில்லை என்று பொருள், உள்ளே இருப்பதாகக் கணக்கிட்டவை எல்லாம் பொய். சைட்டோகலேசின்-டி கொடுத்த குழியில் செல்லை அசைக்கும் ஆக்டின் இழைகள் இயங்காததால் விழுங்குதல் பெரிதும் குறைய வேண்டும். 4 டிகிரியிலேயே விட்ட குழி ஒட்டுதலின் அளவை மட்டும் காட்டும்.

விழுங்கிய பின்

விழுங்கியதாலேயே வித்து அழிந்துவிடாது. அதைச் சுற்றியுள்ள பை, செல்லின் செரிமானப் பையான லைசோசோமோடு இணைந்து அமிலமாக வேண்டும். லைசோட்ராக்கர் ரெட் சாயத்தை 50 நானோமோலார் அளவில் ஒரு மணி நேரம் முன்னதாகவே செல்லுக்குக் கொடுத்துவிட்டால், அமிலமான பைகள் வித்தைச் சுற்றிச் சிவப்பு வளையமாகத் தெரியும். இயல்பான சாம்பல்-பச்சை வித்தின் மெலனின் இந்த அமிலமாக்கலைத் தடுக்கிறது. மெலனின் உற்பத்திக்கான பி.கே.எஸ்.-பி மரபணுவை இழந்த வெள்ளை வித்துகளைச் சுற்றிச் சிவப்பு வளையங்கள் வெகுவாகக் கூடும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க முடிந்தால், ஒரு பூஞ்சை நிறமி எப்படி நோயுண்டாக்கும் கருவியாகிறது என்பது ஒரே பிற்பகலில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சைட்டோகைன்களை எலைசா (எதிர்ப்புரதம் கொண்டு அளக்கும்) முறையில் அளப்பவர்கள் உறங்கு வித்தையும், ஊடகத்தில் 5 மணி நேரம் உப்பவிட்ட வித்தையும் தனித்தனியே கொடுத்து டி.என்.எஃப்.-ஆல்ஃபா என்னும் சைட்டோகைனை ஒப்பிட வேண்டும். உறங்கு வித்தைக் கொடுத்த சிறிது நேரத்திலேயே அளவு உச்சத்துக்குப் போனால், பூஞ்சையைவிட ஊடகத்திலோ நீரிலோ கலந்த பாக்டீரிய நச்சையே முதலில் சந்தேகிக்க வேண்டும். அந்நச்சைச் செயலிழக்கச் செய்யும் பாலிமிக்சின்-பி சேர்த்த குழி ஒன்று அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கொல்லும் திறனை அளக்க, செல்களை உடைத்து, நீர்த்து, அகரில் தெளித்துக் காலனிகளை எண்ணுவது வழக்கம். முளைக்கும் முன்வரை இம்முறை செல்லும். முளைத்த பின் பல இழைகள் பின்னி ஒரே காலனியாக வளர்வதால், உயிரோடு இருந்தவை கொல்லப்பட்டதாகத் தோன்றும். நியூட்ரோஃபில்லையும் இழையையும் சேர்த்துச் சோதிப்பவர்கள் அதனால் உயிருள்ள பூஞ்சையின் செயல்பாட்டை நிறமாற்றத்தால் காட்டும் எக்ஸ்.டி.டி. போன்ற வளர்சிதைமாற்ற அளவீட்டைக் கையாள்கிறார்கள். அச்சோதனையில், நுண்ணுயிரைக் கொல்லும் ஆக்சிஜன் வேதிப்பொருள்களை உண்டாக்கும் என்.ஏ.டி.பி.எச். ஆக்சிடேஸ் நொதியைத் தடுக்கும் டி.பி.ஐ. என்னும் வேதிப்பொருளைக் கொடுத்த குழியும் இருப்பது நல்லது. இந்நொதி பிறவியிலேயே குறைபட்ட நாட்பட்ட கிரானுலோமா நோயாளிகளை ஆஸ்பெர்ஜில்லஸ் கடுமையாகத் தாக்குவதால், அக்குழியில் காண்பது நோயாளியிடம் நடப்பதற்கு நெருக்கமானது.

இந்நேரக் கணக்கை வேறு பூஞ்சைக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. கிரிப்டோகாக்கஸ் என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை இழையாக நீளாது. அதன் தடித்த உறை விழுங்குதலையே தடுக்கும். விழுங்கப்பட்டாலும் செல்லைக் கொல்லாமலேயே வெளியேறக்கூடியது. 2021-இல் இந்தியாவில் கருப்புப் பூஞ்சை என்று பேசப்பட்ட நோயை உண்டாக்கும் ரைசோபஸின் வித்தோ, மேக்ரோஃபேஜுக்குள் முளைக்காமலும் சாகாமலும் தங்கியிருக்கக்கூடியது. அதற்கு 2 மணி நேர எண்ணிக்கை ஏறக்குறைய எதையும் சொல்லாது.

வேலை முடிந்ததும் பிளேட்டுகள், முனைகள், கழுவிய நீர் அனைத்தையும் மூடிய பையில் இட்டு 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்ய வேண்டும். பாதுகாப்புப் பெட்டியின் உட்பரப்பை வெறும் ஆல்கஹாலால் துடைத்தால் போதாது. வித்தைக் கொல்லும் கிருமிநாசினியால் துடைத்து, காற்றோட்டத்தைச் சிறிது நேரம் ஓடவிட்ட பிறகே அடுத்தவருடைய செல் வளர்ப்பை அங்கே திறக்கலாம்.