காமாக் கதிரால் மேசன் உண்டாக்குதல்: அடிக்கடி விடும் தவறுகள்

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள் சிலர் சந்தேகம் கேட்டு என்னிடம் வருவார்கள். முனைவாக்கிய, அதாவது மின்புலம் ஒழுங்கான முறையில் அலையும், காமாக் கதிர் புரோத்தனில் மோதி மேசன் என்ற குறுகிய ஆயுள் துணிக்கை உண்டாகும் பாடம் வந்தால், அநேகமாக எல்லோரும் ஒரே இடங்களில்தான் தடக்குப்படுகிறார்கள்.

தேங்காயை உடைத்தால் தண்ணீர் வருவதுபோல, புரோத்தன் உடைந்து உள்ளே இருந்த மேசன் வெளியே வருகிறது என்று நினைப்பது முதல் தவறு. கதிரின் சக்திதான் புதிய துணிக்கையாகிறது. நடுநிலைப் பையோன் என்ற மேசன் பிறந்த பிறகும் புரோத்தன் புரோத்தனாகவே இருக்கும்.

அடுத்தது கணக்கு. அந்தப் பையோனின் ஓய்வுச் சக்தி (அசையாமல் இருக்கும்போதே அதன் திணிவில் உள்ள சக்தி) 135 மெகா இலத்திரன்வோல்ற்று. ஆகவே கதிருக்கும் 135 போதும் என்று எழுதிவிடுகிறார்கள். போதாது. கதிர் உந்தத்தையும் கொண்டுவருகிறது. மோதலுக்குப் பிறகு இரண்டு துணிக்கையும் அந்த உந்தத்தோடு ஓடியே ஆகவேண்டும், அந்த ஓட்டத்துக்கும் சக்தி வேண்டும். நுழைவாய்ச் சக்தி, அதாவது கதிருக்குக் குறைந்தது வேண்டிய சக்தி, ஏறத்தாழ 145. ஈற்றா என்ற பாரமான மேசனில் இடைவெளி இன்னும் பெரிது: ஓய்வில் 548, தேவைப்படுவது 708.

சரி, முனைவாக்கத்துக்கு வருவோம். இதை அம்புக்குறி என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. பின்னேரம் கல்லடிப் பாலத்தில் நின்று, போலரொயிட் கண்ணாடியைக் கையில் பிடித்து, அதற்குள்ளால் வாவியைப் பாருங்கள். கண்ணைக் குத்திய பளபளப்பு அடங்கித் தெரியும். கண்ணாடியைக் கால் சுற்று திருப்பினால் பளபளப்பு திரும்ப வரும். அரைச் சுற்றில் மறுபடி அடங்கும். மின்புலம் ஒரு கோட்டில் முன்னும் பின்னும் அலைகிறது, கோட்டுக்குத் தலையும் வாலும் இல்லை. மேசன்களும் அப்படித்தான். நேர்கோட்டு முனைவாக்கக் கதிரையும் முனைவாக்காத (சுழற்சி ஒழுங்காக்கப்படாத) புரோத்தனையும் எடுத்தால், கற்றையைச் சுற்றி மேசன்களை எண்ணும்போது ஒரு முழுச் சுற்றில் எண்ணிக்கையில் இரண்டு மேடும் இரண்டு பள்ளமும் வரவேண்டும். ஒரே ஒரு மேடு வந்தால் சந்தோஷப்படாதீர்கள். கற்றை மையம் விலகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மின்புலம் இடமாகவோ வலமாகவோ சுழலும் வட்ட முனைவாக்கக் கதிரென்றால், அதே புரோத்தனில் ஒற்றை மேசன் எண்ணிக்கை இடம், வலம் இரண்டுக்கும் ஒன்றே. அங்கே வித்தியாசம் தேடுவது வீண்.

அப்புறம், மேடு சராசரிக்கு மேல் எந்த விகிதத்தில் உயர்கிறது என்பதையே விடையாக எழுதிவிடுவது. ஜெர்மனியின் மைன்ஸ், பொன் நகரங்களிலும் அமெரிக்காவின் ஜெபர்சன் ஆய்வுகூடத்திலும் இலத்திரன்களை மெல்லிய வைரப் பளிங்கில் செலுத்தி நேர்கோட்டு முனைவாக்கக் கதிரை எடுக்கிறார்கள். முழு முனைவாக்கம் ஒருபோதும் கிடைக்காது. மேடு 0.2, முனைவாக்கம் 40 சதவீதம் என்றால் உண்மையான சமச்சீரின்மை (முழு முனைவாக்கம் கிடைத்திருந்தால் வரும் மேடு) 0.5. முனைவாக்கம் சக்தியோடு மாறுவதால், ஒவ்வொரு சக்திக்கும் அதற்குரிய பெறுமானத்தால்தான் வகுக்கவேண்டும்.

ஒரே முனைவாக்கத் திசையில் மட்டும் அளந்துவிட்டு நிறுத்தவும் கூடாது. வைரத்தைத் திருப்பி முனைவாக்கத் தளத்தை 90 பாகை மாற்றினால், உண்மையான மேடு பள்ளம் இருந்த இடத்துக்கு நகரும். பழுதான உணரியால் வந்த பள்ளம் நின்ற இடத்திலேயே நிற்கும்.